காட்டேரிக் கணவாய்

கடல் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது அதன் மேற்பரப்பே. அலை புரள்வதும், மீன் துள்ளுவதும், கதிரவனின் ஒளி நீரிற் பட்டு மின்னுவதும் நாம் கண்டு மகிழும் காட்சிகள். ஆயினும் இவையெல்லாம் கடலின் மேல்தோல் போன்றவையே. உலகப் பெருங்கடல்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர் ஆகும். கதிரவனின் ஒளியோ, பாசியினங்கள் உணவு ஆக்குதற்குப் போதுமான அளவில், முதல் 200 மீட்டர் வரையில்தான் செல்லும். அதற்குக் கீழே அந்திப்பொழுது போன்ற மங்கல். 1,000 மீட்டருக்கும் கீழே சென்றால், அங்கே என்றும் விடியாத இரவு.

இத்தகைய இடத்தில் உயிர்கள் வாழ இயலுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிஞர் பலர் 'இயலாது' என்றே எண்ணினர். எட்வர்டு போர்ப்ஸ் என்னும் பிரிட்டானிய இயற்கை நூல் அறிஞர் ஈஜியன் கடலில் ஆய்வு செய்தார். ஆழம் மிகுதியாக ஆக உயிரினங்கள் குறைந்துகொண்டே போவதை அவர் கண்டார். ஆகவே, ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே உயிர் என்பதே இராது என்று 1843-ஆம் ஆண்டில் கருத்துரைத்தார். கண்டது சிறிது, கருதியது பெரிது. பின்னர், 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி வந்த 'சாலஞ்சர்' என்னும் கப்பல் மிகப் பெரிய ஆழங்களிலிருந்தும் உயிரினங்களை வாரிக்கொண்டு வந்தது. ஆழ்கடல் பாழ்நிலம் அன்று என்பது தெளிவாயிற்று.

இதன் பின் ஆழ்கடலை ஆராயும் ஆர்வம் பல நாடுகளிலும் பெருகியது. 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டிலிருந்து 'வால்டிவியா' என்னும் நீராவிக் கப்பல் புறப்பட்டது. அட்லாண்டிக் பெருங்கடலிலும், தென்துருவத்தை அடுத்த குளிர்க் கடலிலும், இந்தியப் பெருங்கடலிலும் ஆய்வு நிகழ்த்தி, 1899-இல் அது தாயகம் திரும்பியது. அவ்வாய்வுக் குழுவின் தலைவர் கார்ல் கூன் என்னும் விலங்கியல் பேராசிரியர். ஆழத்தில் வீசிய வலைகள் மேலே வந்தபொழுது, அவற்றில் அதுவரை எவரும் கண்டிராத உயிர்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றே நாம் இப்பாடத்தில் அறியவிருக்கும் விலங்கு.

அதன் உடல் கருஞ்சிவப்பு நிறம். சில வேளைகளில் முற்றிலும் கறுப்பாகவே தோன்றும். எட்டுக் கரங்கள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் அகன்ற தோற்படலம். அப்படலம் விரிந்தால் கரியதொரு போர்வை போர்த்தது போலிருக்கும். அதன் உட்புறத்தில் வரிசை வரிசையாக முட்கள் தெரியும். பெரிய கண்கள் ஒளி படும் வகைக்கேற்ப ஒருகாற் சிவப்பாகவும் ஒருகால் நீலமாகவும் மின்னும். இவ்வுருவைக் கண்ட கூன், 1903-ஆம் ஆண்டில் அதற்கு 'வாம்பைரோட்யூத்திஸ் இன்ஃபெர்னாலிஸ்' என்று பெயர் சூட்டினார். 'நரகத்துக் காட்டேரிக் கணவாய்' என்பது அதன் பொருள். காட்டேரி என்பது குருதி குடிக்கும் பேய் என்று நம் ஊர்க் கதைகளிற் கேட்டிருக்கிறோம் அன்றோ? அக்காலத்தில் ஒருவரும் அவ்விலங்கு உயிரோடு வாழ்வதைக் கண்டதில்லை. அது குருதி குடித்ததாகச் சான்றும் இல்லை. எனினும் இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

இவ்விலங்கு உண்மையில் கணவாயும் அன்று. நம் கடற்கரை மீனவர் மெல்லுடலிகளை நன்கு பகுத்தறிந்து பெயரிட்டுள்ளனர். எட்டுக் கரங்கள் மட்டுமே உடையதைப் பேய்க்கணவாய் என்பர். பத்து உறுப்புகளும் நீண்ட மெல்லுடலும் உடையதை ஊசிக்கணவாய் என்பர். உடலினுள்ளே வெள்ளோடு உடையதை ஓட்டுக்கணவாய் என்பர். காட்டேரிக் கணவாய் இவற்றுள் எவ்வகையிலும் அடங்காது. எட்டுக் கரங்கள் இருப்பதால் கூன் இதனைப் பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்ததாகக் கொண்டார். ஆனால் கரங்களுக்கிடையே, தோற்பைகளில் சுருண்டு கிடக்கும் நூல் போன்ற இரண்டு நீண்ட இழைகளும் இதற்கு உண்டு. பேய்க்கணவாய்க்கோ, ஊசிக்கணவாய்க்கோ அத்தகைய இழைகள் இல்லை. கிரேஸ் பிக்ஃபோர்டு என்னும் அம்மையார், பல கப்பல்கள் கொணர்ந்த மாதிரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். வெவ்வேறு பெயர்களால் குறிக்கப்பட்டு வந்தவை பலவும் ஒரே விலங்கு என்பதையும், அது தனியொரு வரிசையாக வைத்து எண்ணத்தக்கது என்பதையும் அவர் 1939-ஆம் ஆண்டில் நிறுவினார். இவ்வரிசையைச் சேர்ந்த பிற விலங்குகள் எல்லாம் மறைந்தொழிந்தன. பிரான்சு நாட்டில் ரோன் ஆற்றை அடுத்த பகுதியில், ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட பாறைகளில், இதன் பண்டை உறவினங்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. இன்று உயிரோடு எஞ்சியிருப்பது இவ்வொரு பேரினமே.

பெயரைக் கேட்டுப் பெரியதொரு பூதம் என்று எண்ணிவிட வேண்டா. கரங்களையும் சேர்த்து அளந்தாலும் இதன் நீளம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரே. அதாவது நாம் பள்ளியிற் பயன்படுத்தும் ஓர் அளவுகோலின் நீளம். உடலோ கூழ் போன்று மெல்லியது. கண்ணின் குறுக்களவு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். உடலின் அளவோடு ஒப்பிட்டால் இவ்வளவு பெரிய கண் விலங்குகளிடையே மிக அரிது. மேலிருந்து வரும் மிகச் சிறிய ஒளியையும், பிற உயிர்கள் உமிழும் மின்மினி போன்ற ஒளியையும் அறிய இக்கண் உதவுகிறது. கரங்களில் முட்கள் போல் தோன்றியவை உண்மையில் முட்கள் அல்ல. தொட்டால் வளையும் மென்மையான தசை நீட்சிகளே.

இது வாழும் இடம் பெரும்பாலும் 600 மீட்டர் முதல் 900 மீட்டர் வரை. சில இடங்களில் அதற்கும் கீழே. அங்கே துன்பங்கள் நான்கு. முதலாவது இருள். இரண்டாவது குளிர், அங்குள்ள நீர் பனிக்கட்டிக்குச் சில பாகையே மேற்பட்ட வெப்பமுடையது. மூன்றாவது அழுத்தம், நீரில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு காற்று மண்டல அழுத்தம் கூடும். ஆகவே 600 மீட்டர் ஆழத்தில் அது நாம் வாழும் நிலப்பரப்பின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு ஆகும். ஆயினும் உடலினுள் காற்றறை இன்றி, முழுவதும் நீரால் நிறைந்த உயிரை இவ்வழுத்தம் நசுக்குவதில்லை. உள்ளும் புறமும் ஒரே அழுத்தமாக இருத்தலே காரணம்.

நான்காவது துன்பமே பெருந்துன்பம். அங்கே பிராணவாயு மிகக் குறைவு. இதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். கடலின் மேற்பரப்பு காற்றோடு கலந்து பிராணவாயுவைப் பெறுகிறது. பாசியினங்களும் அதனை உண்டாக்குகின்றன. ஆனால் மேலே இறந்த உயிர்களின் எச்சங்கள் ஓயாமல் கீழே இறங்குகின்றன. வழியில் நுண்ணுயிர்கள் அவற்றை அழுகச் செய்கின்றன. அவ்வேலைக்கு அவை நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. மேற்காற்று அவ்வளவு ஆழத்தை எளிதில் எட்டாது. ஒளியின்மையால் பாசிகளும் அங்கே இல்லை. செலவு மிகுதி, வரவு குறைவு. ஆகவே கடலின் இடைப்பகுதியில் பிராணவாயு குன்றிய நீரடுக்கு ஒன்று உண்டாகிறது. கிழக்குப் பசிபிக் கடல், நமக்கு மேற்கே உள்ள அரபிக் கடல், கிழக்கே உள்ள வங்காள விரிகுடா ஆகியவற்றில் இவ்வடுக்கு மிகப் பெரியதாக அமைந்துள்ளது. மேற்பரப்பு நீர் கொள்ளக்கூடிய பிராணவாயுவில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லாத நீரிலும் காட்டேரிக் கணவாய் இயல்பாக வாழ்கின்றது. பெரும்பாலான மீன்களும் கணவாய்களும் அங்கே நெடுநேரம் தங்கினால் மூச்சு முட்டி மடியும்.

இவ்விலங்கு மட்டும் வாழ்வது எவ்வாறு? வரவு குறைந்த வீட்டில் அறிவுள்ளோர் இரண்டு வழிகளைக் கையாள்வர். வந்ததைச் சிறிதும் சிந்தாமற் சேர்ப்பது ஒன்று. செலவைச் சுருக்குவது மற்றொன்று. காட்டேரிக் கணவாயின் உடலும் இவ்விரண்டையும் செய்கிறது.

முதலில் வரவைக் காண்போம். நம் குருதியில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பைக் கொண்ட ஒரு பொருள். அதனால் நம் குருதி சிவப்பாக உள்ளது. இதன் குருதியிலோ செம்பைக் கொண்ட 'ஹீமோசயனின்' என்னும் பொருள் அவ்வேலையைச் செய்கிறது. ஆகவே அக்குருதி நீல நிறமுடையது. கணவாய் இனங்கள் பலவற்றிற்கும் இப்பொருள் உண்டு. ஆனால் காட்டேரிக் கணவாயின் ஹீமோசயனின், மிகக் குறைந்த பிராணவாயுவையும் விடாது பற்றிக்கொள்ளும் ஆற்றல் மிக்கது. செவுள்களின் பரப்பும் பெரிது. ஆகவே பிற உயிர்கள் பெற முடியாத இடத்திலும் இது தனக்கு வேண்டியதைப் பெறுகிறது.

அடுத்து, செலவு. கணவாய் இனங்களுள் உடல் எடைக்கு ஏற்ற ஆற்றற் செலவு மிகமிகக் குறைந்தது இதுவே என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். வலிய தசைகளை வளர்க்கவும் காக்கவும் பிராணவாயு மிகுதியாக வேண்டும். இதற்கு அத்தகைய தசைகள் இல்லை. உடல் கூழ் போன்றது; அதில் நிறைந்துள்ள அம்மோனியக் கரைசல் கடல்நீரினும் இலேசானது. அதனால் இது மூழ்குவதுமில்லை, மேலெழுவதுமில்லை. நீரில் நின்ற நிலையிலேயே மிதக்கும். இடம்பெயர வேண்டுமாயின், உடலின் பின்புறத்தில் காதுமடல் போல் அமைந்த இரண்டு துடுப்புகளை மெல்ல அசைத்தால் போதும்.

ஆனால், உணவு தேடி விரைந்தோடாத உயிர் எதை உண்டு வாழும்? இவ்வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது. காட்டேரி என்னும் பெயருக்கேற்ப, இது இருளில் பதுங்கியிருந்து பிற உயிர்களைப் பிடித்துத் தின்னும் என்று பலர் கருதினர். இறந்த மாதிரிகளை அறுத்துப் பார்த்ததில் ஐயம் முற்றும் தீரவில்லை. வலையில் அகப்பட்டு மேலே வரும்பொழுது அம்மெல்லுடல் சிதைந்துவிடும். வாழும் முறையை அது எவ்வாறு காட்டும்?

விடை கிடைத்தது 2012-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரையை அடுத்த மாண்டரே விரிகுடாவில் ஒரு கடலாய்வு நிலையம் உள்ளது. அங்கே, ஆள் ஏறாமல் கப்பலிலிருந்தே இயக்கப்படும் ஆய்வுக் கலங்கள் பல ஆண்டுகள் ஆழ்கடலில் இறங்கிப் படம் எடுத்து வந்தன. ஹென்க்-யான் ஹோவிங், புரூஸ் ராபிசன் என்னும் இரு விஞ்ஞானிகள், காட்டேரிக் கணவாய் தென்பட்ட அப்படங்களையெல்லாம் பொறுமையுடன் திரும்பத் திரும்ப நோக்கினர். உயிரோடு கொணர்ந்த சிலவற்றை ஆய்வுக்கூடத்தில் வைத்தும் பார்த்தனர். உண்மை வெளிப்பட்டது.

கடலின் மேற்பகுதியிலிருந்து பகலும் இரவும் ஒரு தூறல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. இறந்த நுண்பாசிகள், சிற்றுயிர்களின் உடற்சிதைவுகள், அவற்றின் கழிவுகள், அவை கழற்றி எறிந்த சவ்வுக் கூடுகள் ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெண்துகள்களாய் மெல்ல விழுகின்றன. பனி பெய்வது போல் தோன்றுதலால் அறிஞர் இதனைக் 'கடற்பனி' என்பர். காட்டேரிக் கணவாய் தன் நூலிழைகளுள் ஒன்றை நீரில் நீட்டிக்கொண்டு அசையாமல் மிதக்கிறது. அவ்விழை உடல் நீளத்தைப் போல் எட்டு மடங்கு வரையிலும் நீளவல்லது. இறங்கி வரும் துகள்கள் அதில் ஒட்டுகின்றன. பின்னர் இழையைச் சுருக்கி, கரங்களால் துகள்களை வழித்தெடுக்கிறது. உறிஞ்சிகளிலிருந்து ஊறும் கோழையால் அவற்றைப் பிசைந்து உருண்டை ஆக்குகிறது. கூன் முட்கள் எனக் கண்ட அம்மென்மையான நீட்சிகள் அவ்வுருண்டையை வாய்க்குத் தள்ளிக் கொடுக்கின்றன. இதுவே அதன் உணவு.

ஆகவே குருதி குடிக்கும் பேய் என்று பெயர் பெற்ற உயிர், பிறர் உதறிய சிந்தல்களைப் பொறுக்கி உண்டு வாழும் எளிய உயிராக முடிந்தது. கணவாய், பேய்க்கணவாய் முதலிய இனங்கள் எல்லாம் உயிருள்ள இரையை வேட்டையாடி உண்பவை. அவ்வினங்களிடையே வேட்டையை நம்பி வாழாத உயிர் என்று அறியப்பட்ட முதல் விலங்கு இதுவே. பெயர் இட்ட 1903-ஆம் ஆண்டிற்கும் உண்மை வெளிப்பட்ட 2012-ஆம் ஆண்டிற்கும் இடையே 109 ஆண்டுகள் கடந்துவிட்டன.

வேட்டையாடாத உயிருக்கும் பகை உண்டு. ஆழத்தில் மூழ்கும் திமிங்கிலங்களும் கடற்சிங்கங்களும் பெருமீன்களும் இதனை உண்கின்றன. அவற்றின் இரைப்பைகளில் இதன் அலகுகள் கிடைத்துள்ளன. விரைந்தோடித் தப்பும் வலிமை இதற்கு இல்லை. ஓடினால் சேமித்த பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடும். மேற்கடற் கணவாய்கள் கருமையை உமிழ்ந்து பகைவனை மயக்கித் தப்பும். இருளிலே கருமையை உமிழ்ந்து பயன் என்ன? ஆகவே இதற்கு மைப்பையும் இல்லை. அதற்கு மாறாக, இது ஒளியை உமிழ்கிறது! மிகவும் அச்சுறுத்தப்பட்டால், கரங்களின் நுனியிலிருந்து ஒளிரும் கோழையை வெளிப்படுத்தும். எண்ணற்ற நீலப் பொறிகள் மேகம் போல் சூழ்ந்து சில நிமிடங்கள் வரை மின்னும். பகைவன் திகைத்து நிற்கும்பொழுது விலங்கு இருளில் மெல்ல நழுவும். துடுப்புகளின் அடியிலும் இரண்டு ஒளியுறுப்புகள் உள்ளன; அவற்றை இமை போன்ற மூடியால் திறக்கவும் மூடவும் கூடும்.

மற்றொரு வழியும் உண்டு. எட்டுக் கரங்களையும் தோற்படலத்தோடு தலைக்கு மேலே திருப்பி, உடல் முழுவதையும் மூடிக்கொள்ளும். அப்பொழுது உட்புற நீட்சிகள் வெளியே தெரிய, முள் நிறைந்த அன்னாசிப் பழம் போல் அது காட்சியளிக்கும். ஒளிரும் கர நுனிகள் தலைக்கு மேலே குவிந்திருக்கும். பகைவன் அவற்றைக் கடித்தாலும், உயிர்நிலைகள் தப்பும். இழந்த நுனி மீண்டும் வளரும்.

இனப்பெருக்கத்திலும் இது தனி வழியே செல்கிறது. கணவாய் இனங்களும் பேய்க்கணவாய் இனங்களும் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு பருவத்தில் மட்டுமே முட்டையிட்டு மடிகின்றன. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, காட்டேரிக் கணவாய் அவ்வாறு செய்வதில்லை எனக் காட்டியது. ஒரு பெண் விலங்கை ஆராய்ந்ததில், அது அதுவரை ஏறத்தாழ 3,800 முட்டைகளை இட்டிருந்தது. இன்னும் 6,500 முட்டைக் கருக்கள் எஞ்சியிருந்தன. ஒவ்வொரு முறையும் சுமார் 100 முட்டைகள் இட்டு, இடையிடையே ஓய்வு கொண்டு, மீண்டும் ஈனும் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். கடற்பனி வளமான உணவன்று. அதனை உண்டு ஒரே முறையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை முதிர்விக்க இயலாது. ஆகவே சிறிது சிறிதாகச் சேர்த்து, சிறிது சிறிதாகச் செலவிடுவதே இதற்கு ஏற்ற வழியாயிற்று.

கடற்பனியைப் பொறுக்கி உண்ணும் இத்தகைய உயிர்களால் நமக்கு என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கடற்பாசிகள் உணவாக மாற்றுகின்றன. அவற்றின் எச்சம் கடற்பனியாய் இறங்கும்பொழுது அக்கரியும் உடன் இறங்குகிறது. இவ்வாறு காற்றின் கரிச்சுமையில் ஒரு பகுதியைக் கடல் தன் ஆழத்திற் புதைத்து வைக்கிறது. மேலே நாம் செய்வதும் இப்பாதையிலேயே கீழே செல்கிறது. மாண்டரே விரிகுடாவில் நிகழ்ந்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் மேற்பரப்பைவிட 200 முதல் 600 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் மிகுந்திருப்பது தெரிந்தது. விழும் துகளை நம்பி வாழும் உயிர்களின் கூரைமேல் நாம் எறியும் குப்பை இறங்கிக்கொண்டிருக்கிறது.

கடல் வெப்பம் அடைவதாலும் தீங்கு விளைகிறது. சூடேறிய நீர் பிராணவாயுவைக் குறைவாகவே கொள்ளும். மேல்நீரும் கீழ்நீரும் கலப்பதும் தடைப்படும். 1960-ஆம் ஆண்டிற்குப் பிந்திய 50 ஆண்டுகளில் உலகக் கடல்கள் தம் பிராணவாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கை இழந்துவிட்டன என அளவிட்டுள்ளனர். பிராணவாயு குன்றிய அடுக்குகள் விரிந்துவருகின்றன. அக்குறைவைத் தாங்கும் உடல் காட்டேரிக் கணவாய்க்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அமைந்தது. நம் மீனவர் வலைக்கு வரும் மீன்களுக்கு அத்தகைய உடல் இல்லை. அவ்வளவு காலமும் இல்லை.

போர்ப்ஸ் தாம் கண்ட சிறு பகுதியைக் கொண்டு ஆழ்கடலில் உயிரே இல்லை என்றார். கூன் வலையிற் சிதைந்து வந்த உருவைக் கண்டு ஓர் எளிய உயிருக்குப் பேயின் பெயரைச் சூட்டினார். இருவரும் பேரறிஞரே, தம் காலத்துக் கருவிகள் காட்டியதை அவர்கள் கூறினர். அவர்களுக்குப் பின் வந்தோர், இறந்ததை விடுத்து, வாழ்வதை அதன் இடத்திலேயே நெடுங்காலம் நோக்கினர். நோக்கிய பின்னரே முடிவு கூறினர். அறிவியல் வளர்வது இவ்வாறே. இன்றும் கடலின் ஆழத்தில் பெரும்பகுதி மனிதர் கண்படாமலே கிடக்கிறது. அங்கே சரியான பெயரும், சரியான அறிமுகமும் இன்றி வாழும் உயிர்கள் இன்னும் பல. அவற்றை அறிவதற்கு முன்னரே அவற்றின் இருப்பிடத்தைக் கெடுத்துவிடாதிருத்தல் நம் கடமை ஆகும்.